மில்லிமீட்டர் கட்டிய கோழிக்கூடு

அந்தத் தச்சருக்குத் தெருவில் மில்லிமீட்டர் என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டார், உள்ளூரப் பெருமைதான். விருந்துக்குப் போன இடத்தில் மேசை ஆடினால் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குனிந்து மேசைக்காலைப் பார்க்கிற மனிதர். கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் மனைவி சுவரில் அடித்த ஆணி ஒவ்வொன்றையும் பிடுங்கித் திரும்ப அடித்திருக்கிறார். "இந்த மனுஷனோட குடும்பம் நடத்தணும்னா ரசமட்டத்த இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் நடக்கணும்" என்பாள் அந்த அம்மாள்.

அப்பேர்ப்பட்டவரின் கை போன வருடம் மரம் அறுக்கும் மெஷினில் மாட்டிக்கொண்டது. தைத்துவிட்டார்கள், ஆனால் வலது கட்டைவிரல் மடங்க மறுத்தது. எட்டு மாதம் உளியைத் தொடவில்லை, இந்தக் கையில் இனி ஒன்றுமில்லை என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்காமல் மனைவி நாலு கோழிகளை வாங்கி வந்து கொல்லையில் விட்டாள்.

"இதுங்களுக்கு ஒரு கூடு வேணும். முடியலன்னா விடுங்க, அட்டைப்பெட்டி ஒண்ணு போதும்" என்றாள்.

அட்டைப்பெட்டியாம்! அந்த ஒரு வார்த்தை போதாதா? மனிதர் எழுந்துவிட்டார்.

மூன்று மாதம் ஆயிற்று. ஆணியே கிடையாது, பொருத்துக்குள் பொருத்து, பசை வைத்து இறுக்கியது. இரட்டைச் சுவர். ஓரமெல்லாம் பூவேலைச் சட்டம். கோழி உட்காரும் கம்புகூடச் சுவரில் குடைந்த குழிக்குள் போய்க் கச்சிதமாக உட்காரும். முடித்த அன்று கட்டைவிரல் பாதி மடங்கியது. அவர் அழுதார், அவளும் அழுதாள்.

கோழிகளில் மூத்ததற்கு மனைவி வைத்த பெயர் மாமியார். எதை வைத்தாலும் ஒரு குறை சொல்லிக் கொத்தும். அது தன் அம்மாவைக் குத்திக்காட்டும் பெயர் என்று தச்சர் முறைத்தபோது, "உங்க மாமியாரச் சொன்னேங்க. எங்க அம்மாவும் அச்சு அசல் இப்படித்தான்" என்று சமாளித்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கோழி என்றால் உயிர்.

அந்த மாமியார்தான் முதலில் வாடியது. கொண்டை வெளுத்தது, முட்டை நின்றது. பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் போகாமல் துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறிக்கொண்டது.

தச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தார். வால் பக்கத்து இறகைப் பிரித்தால், தோலில் வைக்கோல் நிறப் பேன்கள் ஓடின. இறகின் அடியில் ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. மருந்துக் கடையில் கோழிக்கென்றே விற்கும் பொடியை வாங்கித் தூவினார். ஈர் சாகாது, பொரித்து வரும் என்று பத்தாம் நாள் மறுபடி தூவினார். கோழிகள் புரள சாம்பலும் மணலும் கலந்து வைத்தார். பேன் ஒழிந்தது. கோழி தேறவில்லை. அந்தச் சமயத்தில்தான் மனைவி காரணமே இல்லாமல் அவருக்குப் புது டூத்பிரஷ் வாங்கி வைத்தாள். பழையது தேய்ந்துவிட்டதாம். மில்லிமீட்டர் அதைக் கவனித்தாரா? எங்கே கவனித்தார்!

பதினெட்டாம் நாள் மாமியார் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா கண் இமையை விலக்கிப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையே. இன்னும் நாலஞ்சு நாள் இப்படியே போனா பிழைக்காது. எங்க தூங்குது?"

தச்சர் பேனுக்குப் பொடி தூவியதைச் சொல்லி, செல்போனில் கூட்டின் படத்தைக் காட்டினார். பன்னிரண்டு படம். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"கூடு ரொம்ப அழகு. ஆனா இது பேன் இல்லைங்கய்யா, சிவப்பு உண்ணி. பகல்ல கோழி மேல தேடினா கிடைக்காது. இருட்டினதும் வந்து ரத்தத்தக் குடிச்சிட்டு, விடியறதுக்குள்ள வீட்டுக்குத் திரும்பிடும்."

"எந்த வீட்டுக்கு?"

"நீங்க கட்டின வீட்டுக்குத்தான். இடுக்கு, பொருத்து, பூவேலை, இரட்டைச் சுவர். எல்லாம் அதுக்குச் சொகுசு."

"என் பொருத்துல காத்துகூட நுழையாதும்மா!"

"காத்து நுழையாது. இது நுழையும்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வழியெல்லாம் டாக்டரைத் திட்டிக்கொண்டேதான் வந்தார். வந்ததும் கம்பைக் குழியிலிருந்து நெம்பினார். குழிக்குள் சாம்பல் மாதிரி ஏதோ இருந்தது. அந்தச் சாம்பல் நகர்ந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். விரல் முழுக்க ரத்தம், மாமியாருடைய ரத்தம்.

கூட்டுக்குப் பின்னால் ஒரு சட்டி கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தினால், எண்ணெய்க் கிண்ணமும் அதற்குள் அவருடைய பழைய டூத்பிரஷும்.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்றார்.

மனைவி முந்தானையைத் திருகினாள். "முட்டை எடுக்கறப்ப கையெல்லாம் ஊறிச்சு, அரிச்சுது. அப்பவே பாத்துட்டேன். தெனமும் நீங்க டீக்கடைக்குப் போனதும் எண்ணெயத் தொட்டுத் தொட்டுத் தேய்ச்சேன். அடங்கல."

"கோழி சாகக் கெடக்கு! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிங்க சொல்லுவேன்? அந்தக் கையால செஞ்ச மொத சாமான். அதப் போய்க் குத்தம்னு..."

தச்சர் எழுந்து சுத்தியலையும் கடப்பாரையையும் எடுத்தார். பசை வைத்த பொருத்துகளைக் கழற்றிக் கழுவ வழியில்லை. உடைத்து எரிக்க வேண்டியதுதான்.

உடைத்தால் உடைகிறதா? ஒரு பொருத்துகூட விட்டுக்கொடுக்கவில்லை. பலகை பிளந்தது, பூவேலை தெறித்தது, பொருத்து மட்டும் பிடித்த பிடியில் நின்றது. மூன்று மணி நேரம் வியர்த்து ஊற்ற அடித்தார். மனைவி கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? உங்களாலயே பிரிக்க முடியல. இந்தக் கையிலயா ஒண்ணுமில்லாமப் போச்சுன்னீங்க?"

தச்சர் முகத்தைத் துடைத்துக்கொள்வதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் உடைத்து எரித்தார்.

மறுநாள் அரை நாளில் ஒரு தகரக் கூடு எழுந்தது. நாலு சுவர், கோழிகள் உட்கார, வெளியே கழற்றி எடுத்துக் கொதிநீர் ஊற்றக்கூடிய ஒரு இரும்புக் குழாய், அதைத் தாங்க இரண்டு கொக்கி. இடுக்கே கிடையாது. அழகும் கிடையாது. டாக்டரம்மா சொன்னபடி மற்ற கோழிகளுக்கும் மருந்து போட்டார்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி போட்டார்கள். மாமியாருக்குச் சத்து மருந்தை மனைவி மடியில் வைத்துப் புகட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் மாலை மூன்று கோழிகள் உள்ளே போன பிறகு, மாமியார் வாசலில் நின்றது. கழுத்தை நீட்டிக் கூட்டை மேலும் கீழும் பார்த்தது. பிறகு தானாகவே நடந்து உள்ளே போய்க் குழாயில் ஏறி உட்கார்ந்தது. கொண்டையில் சிவப்பு திரும்பியிருந்தது.

"இனிமே என் வேலையில குத்தம் இருந்தா ஒடனே சொல்லிடணும், ஆமா" என்றார் தச்சர்.

"சொல்லட்டுமா?"

"சொல்லு."

"குழாய் எடது பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். மாமியார் அதன் மேல் கண்ணை மூடியிருந்தது.

"தெரியும். மூணு மில்லி. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.