இடுப்பில் ஒரு சிவப்புக் கோடு

என் மகளுக்கு இரண்டரை வயது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஜென்மம். செருப்பை இடம் வலம் மாற்றித்தான் போடுவாள். நாம் சரியாகப் போட்டுவிட்டால் உதறிவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்துகொள்வாள். கதவு ஒரு விரல் திறந்திருந்தால் போதும், ஓட்டம்தான். அவளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, மணலியில் ஒரு கம்பெனி ஸ்டோருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

நாங்கள் வியாசர்பாடிக்காரர்கள். வீட்டுக்காரரின் வேலைக்காகத் திருவொற்றியூர் குப்பத்துப் பக்கம் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்கா கடலுக்குப் போகிற குடும்பம், கருவாடு போடுகிறவர். நல்ல மனுஷி என்றுதான் நம்பியிருந்தேன்.

ஒரு சாயங்காலம் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன், மகளின் இடுப்பில் சிவப்பாக ஒரு கோடு. அரைஞாண் இறுக்கமோ என்று விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. கோடு அதற்கு மேலே, தடிமனாக இருந்தது. என்ன இது என்று கேட்டதற்கு "கவுறு" என்றாள். யார் கட்டியது என்றதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்று அவள் முடிவு பண்ணிவிட்டால் கடவுளே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அந்த அக்காவை விட்டால் வேறு யார் பார்த்துக்கொள்வார்கள், சும்மா பேஜார் பண்ணாதே என்றார். பெற்றவள் வயிறு எரிகிறது, இவருக்குப் பேஜாராம்!

மறுநாளிலிருந்து அக்கா செய்ததெல்லாம் தப்பாகவே பட்டது. முள் எடுத்து மீன் ஊட்டினேன் என்பார். இத்தனை அக்கறை எதற்கு என்று தோன்றும். நான் வருகிற நேரத்துக்குப் பிள்ளை தலை சீவி, பவுடர் பூசி நிற்கும். எதை மறைக்க இந்தப் பவுடர் என்று நினைப்பேன். வாசலிலேயே சட்டையைத் தூக்கிப் பார்ப்பேன், கோடு இருக்கும். நேராகக் கேட்கவும் பயம். கேட்டு, அவர் இல்லை என்று சாதித்துவிட்டால்? பகலில் தொந்தரவு பண்ணுகிறாளா என்று சுற்றி வளைத்துக் கேட்டால், அதெல்லாம் ஒன்றும் இல்லை, பிள்ளை ஷோக்காக இருக்கிறது என்பார். கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு பண்ணினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்கே வந்து இறங்கினேன். அக்கா வீடு பூட்டியிருந்தது. பின்னால் கருவாடு காயப்போடுகிற மணலுக்கு ஓடினேன். அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் பாறைகளைப் பார்த்து என் மகள் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் துணி சுற்றி, அதன் மேல் நீல வலைக்கயிறு.

"புள்ளைய ஆடு மாதிரி கட்டி வெச்சிகீறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

குனிந்து மீனைத் திருப்பிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். கயிற்றின் மறுமுனை அவர் இடுப்பில், புடவைக்கு மேல் கட்டியிருந்தது. பாறைக்குப் பத்தடி முன்னாலேயே கயிறு முடிந்துவிடும். அதையெல்லாம் கண் பார்த்தது, மண்டையில் ஏறவில்லை. ஆத்திரத்தில் மகளின் இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

அவிழ்த்ததுதான் தாமதம், ஓடினாள். துரத்தப் போன நான் செருப்பு மணலில் புதைந்து குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால், இரண்டாவது பாறையில் ஏறி நின்று கீழே தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அக்காதான் பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

பிள்ளையை என் மடியில் வைத்தார். கையில் மீன் வேலை இருக்கும்போது இப்படித்தான் கட்டுவோம், என் பிள்ளைகளும் இப்படி வளர்ந்ததுதான் என்று சத்தம் போடாமல் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். திங்கட்கிழமை கொண்டுவந்து விடட்டுமா என்றும் வெட்கமில்லாமல் கேட்டேன்.

"வாணாம்மா. புள்ளைய பாத்துக்கலாம். நீ என்னிய பாத்துகினே கீறியே, அத்த எத்தினி நாளு தாங்கறது? தெனம் சட்டைய தூக்கித் தூக்கிப் பாத்தியே, வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டியா?"

ஒரு மாதத்தில் வேலையை விட்டேன். இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா தெருவில் மகளைப் பார்த்துச் சிரிப்பார், என்னைப் பார்க்க மாட்டார். போன வாரம் நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் மகள் கண்டெய்னர் லாரி போகிற ரோடு வரைக்கும் ஓடிவிட்டாள். மறுநாள் வலைச் சாமான் கடைக்குப் போய் ஐந்து மீட்டர் கயிறு கேட்டேன். கடைக்காரர் அளந்துகொண்டே எதற்கு என்று கேட்டார். பிள்ளையைக் கட்டுவதற்கு என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று பயமாக இருந்தது. துணி காயப்போட என்றேன்.