மாதுலிக்குள் ஒரு சுருள் முடி

காளிகாட்டுச் சந்து ஒன்றில், ரயில்வே குமாஸ்தா சந்தானத்தின் மனைவி நாகலக்ஷ்மி குடித்தனம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று கர்ப்பம் கலைந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டவள் மாடிவீட்டு ஹேமாங்கினி. நாகலக்ஷ்மி அவளை வாய் நிறையத் 'தீதி' என்று கூப்பிடுவாள்; சொந்த அக்கா போலத்தான்.

1913 மார்கழியில் மறுபடி நாள் தள்ளிப்போனது. ஒரு தெய்வத்தை மட்டும் நம்பியிருக்க நாகலக்ஷ்மிக்குத் தைரியம் வரவில்லை. ஊரிலிருந்து தபாலில் வந்த வைத்தீஸ்வரன் கோயில் திருநீறு, காளியின் பாதத்தில் கிடந்த செம்பருத்தி இதழ், தர்கா பக்கீர் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்த காகிதம், எல்லாவற்றையும் ஒரே தாயத்தில் அடைக்கத் தீர்மானித்தாள். 'மாதுலி' என்று அங்கே சொல்லும் செப்புக் குப்பியை ஹேமாங்கினியே வாங்கி வந்து தந்தாள்.

படித்துறையில் வேர் விற்கிற கிழவி இன்னொன்றும் சொல்லிவைத்தாள்: "நல்லா வளர்ற குழந்தையோட முடி கொஞ்சம் வேணும். கேட்டு வாங்கினா பலிக்காது."

ஹேமாங்கினியின் இரண்டு வயதுப் பெண் குக்கி மத்தியானத்தில் நாகலக்ஷ்மியின் மடியில்தான் தூங்கும். அன்றும் தூங்கியது. காதோரச் சுருள் ஒன்றைக் கத்தரித்து, குப்பியில் போட்டு, அரக்கு வைத்து மூடி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் குக்கிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி போடும்போது முடி குறைந்திருப்பதை ஹேமாங்கினி பார்த்துவிட்டாள்.

"யாரோ என் குழந்தைக்குச் செய்வினை வெச்சுட்டாங்க!"

பழி, பிள்ளையில்லாத விதவையான வேலைக்காரி க்ஷாந்தமணியின் தலையில் விழுந்தது. முற்றத்தில் எல்லோர் முன்னாலும் அவள் மூட்டையை உதறிக் காட்டச் சொன்னார்கள். நாகலக்ஷ்மி கிணற்றடியில் நின்றாள். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. க்ஷாந்தமணி சிதறிய துணிகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் சந்தானம் ஆபீஸிலிருந்து வந்தார். "என்னடி இது, க்ஷாந்தமணியா இப்படிப் பண்ணுவா?"

"அவ பண்ணலை. நான்தான் பண்ணினேன்" என்று நாகலக்ஷ்மி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "போய்ச் சொல்லிடு. நானும் வரேன்" என்றார்.

"வேண்டாம். நானே போறேன்."

மாதுலியை அவிழ்த்து ஹேமாங்கினியின் முன்னால் வைத்தாள். அரக்கை உடைத்துப் பார்த்த ஹேமாங்கினி திட்டவில்லை.

"முடி கிடக்கட்டும். அவ மூட்டையை உதறறப்போ நீ நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தே?"

 நாகலக்ஷ்மி அவள் காலில் விழப் போனாள். ஹேமாங்கினி நகர்ந்துகொண்டாள்.

மறுநாள் இருவரும் கால்வாய் ஓரத்துக் குடிசைக்குப் போய் க்ஷாந்தமணியைக் கூப்பிட்டார்கள். அவள் கோபப்படவில்லை. "வேலை வேற இடத்துல கிடைக்கும்மா. அந்த முற்றத்துல மறுபடி என்னால நிக்க முடியாது" என்றாள்.

குக்கியின் காய்ச்சல் அந்த வாரமே விட்டது. ஆவணியில், தாயத்து எதுவும் கட்டாமலே, நாகலக்ஷ்மிக்குப் பெண் பிறந்தது. ஹேமாங்கினி பார்க்க வந்தாள். வெள்ளிக் கிண்ணம் கொடுத்தாள், சிரித்துத்தான் பேசினாள். குக்கியை மட்டும் மாடியிலேயே விட்டு வந்திருந்தாள். நாகலக்ஷ்மியும் குக்கி எங்கே என்று கேட்கவில்லை.