நல்லெண்ணெய் வைத்த தலையும் இருபத்தொரு வயரும்

என் எழுத்து நன்றாக இராது, முதலே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது, அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடிதம்தான், அதுவும் நலம், நலமறிய ஆவல் என்ற அளவில். இப்போது மறதி வேறு. முன்னால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டுப் பின்னால் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேய், ஆவி, அசரீரி இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஜேர்மனிக்கு வந்த புதிதில் எங்களை வைத்திருந்த அகதி விடுதியில், நடையில் யாரோ தட்டித் தட்டி நடக்கிறார்கள் என்று பெண்களெல்லாம் கட்டிலில் கால்களை மடக்கிக்கொண்டு இருந்தபோது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தது நான்தான். சுவரில் போகிற சூட்டுத் தண்ணீர்க் குழாய். மனிதர்களைக் கண்டால்தான் எனக்குக் கூச்சம், பேயைக் கண்டு இல்லை. அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் நான் கோபிக்க மாட்டேன்.

நாங்கள் பீலெஃபெல்டில் இருக்கிறோம். நான், மகன் ரவி, மருமகள் சுபோ, இரண்டு பேரப்பிள்ளைகள். சுபோ இங்கே வந்து பல வருடம் அலுவலகங்கள் துடைத்தவள். பிறகு முப்பத்தாறு வயதில், மூளையின் மின்சாரத்தைப் படம் பிடிக்கிற வேலை படிக்கப் போகிறேன் என்று நின்றாள். ஈ.ஈ.ஜி. என்பார்கள். தலையில் வயர்களைப் பூட்டினால் கோடு கோடாக வரும், அதைப் பார்த்து டொக்டர்மார் வலிப்பு இருக்கிறதா, வேறு நோய் வருத்தமா என்று கண்டுபிடிப்பார்கள். மூன்று வருட ஆவுஸ்பில்டுங், தொழிற்படிப்பு, கடைசியில் அரசாங்கச் சோதனை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு இருந்து படித்தாள்.

எழுத்துச் சோதனை முழுக்கப் பாஸ். செய்முறைச் சோதனையில் விழுந்தாள். சோதனைக்குத் தலை கொடுத்து இருந்த கிழவர் வாய்க்குள் என்னத்தையோ மென்றுகொண்டிருந்திருக்கிறார், அந்தத் தாடை அசைவு கோடுகளில் கறுப்பாக வந்ததை இவள் வலிப்பு என்று எழுதிவிட்டாள். ஒருமுறைதான் திருப்பி எழுதலாம். இரண்டாம் முறையும் விழுந்தால் ஜேர்மனியில் எங்கே போனாலும் அந்த வேலை இல்லை, மூன்று வருடமும் போனதுதான். அன்றிரவு அவள் அழவில்லை. அலுவலகம் துடைக்கப் போட்டுக்கொண்டு போகிற பழைய சட்டையை அலுமாரியில் இருந்து எடுத்து மடித்து மேலே வைத்தாள்.

அதன்பிறகு என் தலை அவளுடைய பள்ளிக்கூடம் ஆனது. என் தையல் பெட்டியில் இருந்த அளவு நாடாவால் மூக்கு மேட்டில் இருந்து பிடரிவரைக்கும், ஒரு காதிலிருந்து மற்றக் காதுவரைக்கும் அளப்பாள், பத்து வீதம் இருபது வீதம் என்று கணக்குப் பார்த்துக் கண்மைப் பென்சிலால் புள்ளி வைப்பாள். நான் பயற்றங்காய் முறித்துக்கொண்டு இருப்பேன், தலையில் இருபத்தொரு புள்ளியோடு. ரவி வேலையால் வந்து பார்த்துவிட்டு, “அம்மா, கவனம். நீங்கள் நினைக்கிறதெல்லாம் கடதாசியில வரப்போகுது” என்று வெருட்டுவான். எனக்கு உண்மையிலேயே ஒரு பயம் இருந்தது, மறைப்பானேன். சுபோவின் குழம்பில் புளி போதாது என்று எத்தனை நாள் மனதுக்குள் நினைத்திருப்பேன். கடைசியில் அவளிடமே கேட்டுவிட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “அது மெஷின் இல்லாமலே எனக்குத் தெரியும் மாமி.”

சோதனை வந்தது கோடைகாலத்தில். கார்களிலெல்லாம் ஜேர்மன் கொடி கட்டிக்கொண்டு, உதைபந்தாட்டம் என்று ஊரே கூத்தாடின அந்தக் கோடை. இந்தமுறை தலையை நாங்களே கொண்டுபோகலாம் என்று விட்டிருந்தார்கள். கீழ் வீட்டு ஜேர்மன் மனுசி வருவதாக இருந்தது, மூன்று நாளைக்கு முன் காய்ச்சலில் விழுந்துவிட்டா. சுபோ ரெலிபோனில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள், எல்லாருக்கும் வேலை. நான் குசினி வாசலில் நின்று, “என்ர தலை சரிவருமோ பிள்ளை?” என்று கேட்டேன். அந்நிய மனிதர் முன்னால் போய் இருப்பது எனக்கு எவ்வளவு பாடு என்று அவளுக்குத் தெரியும். ரெலிபோனை வைத்துவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சிக்கல். சோதனை அறையில் தமிழ் கதைக்க ஏலாது. அவள் என்ன சொல்கிறாள் என்று பரிசோதகர்களுக்கும் விளங்க வேண்டுமாம். ஆகவே மூன்று நாளும் பாடமாக்கினேன். ஆவுகன் சூ என்றால் கண்ணை மூட வேண்டும், ஆவுகன் ஆவுஃப் என்றால் திறக்க வேண்டும், டீஃப் ஆட்மன் என்றால் ஆழ மூச்செடுக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் சாப்பாட்டுக்கு நடுவிலும் ஆவுகன் சூ என்று கத்துவார்கள், நான் கரண்டியோடு கண்ணை மூடுவேன், வீடே சிரிக்கும்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். தலையை ஷாம்பூ போட்டுக் கழுவ வேண்டும், எண்ணெய் கூடவே கூடாது என்று சுபோ பத்துத் தரம் சொன்னவள். கழுவினேன். ஆனால் காலையில் கண்ணாடியில் பார்த்தால் மயிர் காய்ந்து பறந்து விளக்குமாறு மாதிரி நிற்கிறது. இத்தனை வெள்ளைக்காரர் முன்னால், மருமகளின் பெரிய நாளில், எண்ணெய் காணாத தலையோடு மூதேவி மாதிரிப் போய் இருப்பதா? ஒரு சொட்டு நல்லெண்ணெய் உள்ளங்கையில் தேய்த்துத் தடவினேன். பிறகு இன்னொரு சொட்டு. அதற்கு மேல் எத்தனை என்று நினைவில்லை. மேலே ஒரு லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

சோதனை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு பெரிய அம்மா, மீசை வைத்த ஒரு மெலிந்த மனிதர். சுபோ வெள்ளைச் சட்டையோடு வந்து லேஞ்சியை அவிழ்த்து என் தலையில் கைவைத்தாள். கை அப்படியே நின்றது. எண்ணெய்த் தலையில் அந்த வயர்கள் வேலை செய்யாது. மின்சாரம் பிடிக்காது. தமிழில் ஏசவும் ஏலாது அவளுக்கு. என்னைப் பார்த்தாள், நான் நிலத்தைப் பார்த்தேன். மீசைக்காரர் மூக்கை உறிஞ்சி ஏதோ கேட்டார், அவள் “செசாம்” என்றாள், எள்ளென்று அர்த்தம். பிறகு ஸ்பிரிற்றை எடுத்து ஒவ்வொரு இடமாகத் தேய்க்கத் தொடங்கினாள், இருபத்தொரு இடம். தேய்த்துத் துடைத்து, ரப்பர் வலையை மாட்டி, உப்புத் தண்ணீரில் ஊறின குமிழ்களைச் செருகி வயர் பூட்டி முடிக்கும்போது மணிக்கூட்டில் பாதி நேரம் போய்விட்டது. பெரிய அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினா. சுபோ பூட்டின வயர்களையே திரும்பத் திரும்ப எண்ணினாள்.

அந்தப் பதற்றத்தில் எனக்குப் பாடமாக்கினதெல்லாம் போய்விட்டது. ஒரு சொல் மிச்சமில்லை. சூவா, ஆவுஃபா, எது எது? ஒரு தரம் பிழைத்தாலும் திரும்ப எடுக்க நேரமில்லை. கதிரையில் சாய்ந்து கிடந்தேன். அவள் அந்தப் பக்கம் மெஷினுக்கு முன்னால் போய் இருந்துவிட்டாள்.

அப்போதுதான் பின்னால் இருந்து ஒரு ஆண்குரல், எங்களுடைய பேச்சில், சாவகாசமாகச் சொன்னது: “அக்கா, இப்ப கண்ணை மூடுங்கோ.”

மூடினேன். அப்பாடா, மொழிபெயர்ப்புக்கு ஒரு ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், நல்ல சனங்கள் என்றுதான் நினைத்தேன். வெளிநாட்டுக்காரர் அலுவலகத்திலும் அப்படி ஒரு தம்பி இருப்பார். தலையை அசைக்கக் கூடாது என்றதால் திரும்பிப் பார்க்கவில்லை. திறவுங்கோ என்றார், திறந்தேன். மூடுங்கோ, மூடினேன். ஆழமாக மூச்செடுங்கோ, நான் சொல்லுமட்டும் நிப்பாட்டாதேங்கோ என்றார். சுபோவின் ஜேர்மன் எங்கேயோ தூரத்தில் கேட்டது, நான் அதைக் கவனிக்கவே இல்லை. பயமெல்லாம் போய், கோயிலில் பூசை முடிந்து விறாந்தையில் இருக்கிற மாதிரி ஒரு சுகம் வந்தது.

எல்லாம் முடிகிற நேரம், சத்தமில்லாமல் கிடக்க வேண்டிய பகுதியில், அந்த ஆள் குனிந்து மெல்லமாகச் சொன்னார்: “நல்லெண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சு அக்கா.”

சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்து இன்னும் மோசமாக, தோள் குலுங்கி வயிறு குலுங்கிச் சிரித்தேன். கோடுகளெல்லாம் காடு மாதிரிக் கறுத்துப் போனதாம். பெரிய அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து, இது என்ன என்று சுபோவைக் கேட்டிருக்கிறா. போனமுறை விழுந்த அதே இடம். சுபோ திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இது வருத்தமில்லை, தசை அசைவு, ஆள் சிரிக்கிறா என்று சொல்லிக் கோட்டுக்கு மேலே அப்படியே எழுதினாள். ஏன் சிரிக்கிறா என்று மீசைக்காரர் கேட்க, அது எனக்குத் தெரியாது என்றாளாம். அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

வயர்களைக் கழற்றினதும் நன்றி சொல்லத் திரும்பினேன். பின்னால் கை கழுவுகிற தொட்டியும் சுவரும். ஆள் போய்விட்டார் போல என்று நினைத்தேன். ஆனால் என் கதிரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை படுக்கலாம், ஆள் நிற்க ஏலாது.

நடையில் காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்டார்கள், சுபோ மட்டும் போனாள். திரும்பி வந்து என் எண்ணெய்த் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் கொஞ்சினாள். மூக்கெல்லாம் எண்ணெய். பாஸ். ரவிக்கு ரெலிபோன் எடுத்தால் அவன் ஓம் ஓம் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை, வேலைத்தலத்தில் அழுதுகொண்டு நின்றிருக்கிறான். ஸ்ரேஷனில் ஒரு கிலோ செர்ரிப்பழம் வாங்கினோம். ரயில் நிறையக் கொடியும் பாட்டுமாகப் பெடியங்கள், எங்களுக்காகத்தான் பாடுகிறார்கள் என்ற எண்ணத்தில் நானும் கை தட்டினேன். நான் அப்படிச் செய்கிற ஆளே இல்லை.

“அந்த எண்ணெயில வடையே சுட்டிருக்கலாம் மாமி” என்றாள் சுபோ, கொட்டையைத் துப்பிக்கொண்டு. “சரி, ஏன் சிரிச்சனீங்கள்?”

“உங்கட மொழிபெயர்ப்புக்காரர் பகிடி விட்டவர்.”

“ஆர்?”

சொன்னேன். அவள் வாயில் வைத்த பழத்தைக் கையில் எடுத்துவிட்டாள். அறையில் நாங்கள் நாலு பேர்தான், தமிழ் ஒரு சொல் யாரும் பேசவில்லை என்றாள். பிறகு ஒரு கடதாசியை விரித்தாள். வடிவான கோடு, பாடப் புத்தகத்தில் போடலாம் என்று சொல்லி மீசைக்காரர் எனக்கு ஒரு பக்கம் அடித்துக் கொடுத்திருந்தார். சுபோ ஒவ்வொரு தரம் மூடு, திற என்று சொல்லும்போதும் ஒரு விசையை அமத்துவாளாம், அதற்கு மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு விழும். கண் இமை அசைந்தால் அதற்கு ஒரு மேடு வரும். கோடு முதல், மேடு பிறகு, அதுதான் முறை. என் கடதாசியில் எல்லா இடத்திலும் மேடு முதல். நான் அவள் சொல்லுமுன் மூடியிருக்கிறேன், அவள் சொல்லுமுன் திறந்திருக்கிறேன். உங்கள் மாமி ஆர்வமான மாணவி என்று பரிசோதகர்கள் பகிடி பண்ணினார்களாம். மூடுவதையாவது அவள் வாயைப் பார்த்துச் செய்தேன் என்று வைப்போம். மூடின கண்ணோடு திறக்கிற நேரத்தை எப்படிக் கண்டேன்?

சுபோ கடதாசியை மடியில் வைத்தாள். “எந்தப் பக்கத்தால கேட்டது மாமி?”

நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

“மாமி, அது உங்கட கேளாத காது.”

இதை முதலே எழுத மறந்துபோனேன். ஊரில் சண்டைக்குள் செல் குண்டு விழுந்த நாளில் இருந்து எனக்கு இடது காது இல்லை. இங்கே காது டொக்டர் பார்த்து, நரம்பே செத்துவிட்டது, கருவி வைத்தாலும் பயனில்லை என்றவர். இன்றைக்கும் அந்தக் காதில் ஒரு சத்தமும் கேளாது. அன்று மட்டும் அந்தக் குரல், மூச்சுக் காற்றோடு, தெளிவாகக் கேட்டது.

சுபோ இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள், வலிப்பு வருகிற சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அழாமல் வயர் பூட்டுவாளாம். நாங்கள் இதைப் பற்றிப் பெரிதாகக் கதைப்பதில்லை. ஆனால் ஒன்று. நான் இப்போது படுக்கும்போது நல்ல காதைத் தலையணைக்குள் வைத்து, கேளாத காதை மேலே விட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். ரவி கூப்பிட்டால்கூடக் கேட்பதில்லை என்று கோபிக்கிறான். ஏன் அப்படிப் படுக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது.

இதை வாசிக்கிறவர்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து ஒருமுறை பார்த்துத் திருத்திவிடுங்கள். வயர் இருபத்தொன்றுதானா, சோதனை எத்தனை நிமிடம், அந்தச் சொல்லுகளை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று. சுபோவுக்கு நேரமில்லை. காது மட்டும் இடதுதான், அதைப் பார்க்கத் தேவையில்லை.