அண்ணன் கேட்ட எண்



சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் விசைத்தறிக் கூடம். அதை நடத்துகிற என் அண்ணன், எங்கே கிளம்பினாலும் மெயின் ஸ்விட்சை அணைத்தோமா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து ஏழெட்டுத் தடவை திரும்பி வருவான். எங்கள் தெருவில் ஒரு கூடம் தீப்பிடித்த பிறகு, அந்தப் பழக்கமே அவனுக்குப் பொறுப்பான ஆள் என்ற பேரை வாங்கித் தந்தது. துணியையும் அப்படித்தான் திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பான். அவன் கைபட்ட துணியில் ஒரு பிசிறு இருக்காது என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. நான் மட்டும் அவனைக் கரித்துக்கொட்டுவேன். பெங்களூரில் நடந்த என் பட்டமளிப்பு விழாவுக்கு அவன் வரவில்லை.

மனநோயில் மூளை எப்படி ஓடுகிறது என்று கணினியில் மாதிரி செய்வது என் வேலை. சந்தேகம் விடாமல் அரிக்கிற நோயில், மூளைக்குள் சுற்றி வருகிற ஒரு செய்திப் பாதை ஓயாமல் ஓடுகிறது என்று ஒரு கருத்து உண்டு. அதைச் சமன்பாடாக எழுதி, எந்த எண் கூடினால் சுற்று நிற்காமல் போகிறது என்று தேடுவோம்.

போன பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது, அப்படி என்னதான் வேலை என்று அண்ணன் கேட்டான். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். திரையில் ஒரு பொம்மை ஆள் கதவைப் பூட்டினான், நாலு எட்டு வைத்தான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் வந்தான். சரியான கோட்டிக்காரன், பைத்தியம் என்று சிரித்துக்கொண்டே ஓர் எண்ணைக் குறைத்தேன். பொம்மை ஒரே தடவை பூட்டிவிட்டுப் போய்விட்டது.

அண்ணன் சிரிக்கவில்லை.

“குறுக்க ஓடுற ஊடை நூல் அத்துட்டா தறி தானா நின்னுரும். எனக்கு உள்ள நிக்கவே மாட்டேங்கு. உன் பட்டமளிப்புக்குக் கெளம்பி மூணு வாட்டி ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பினேன் மக்கா. ரயிலு போயிட்டு.”

ஊர் ஊராகப் போய் இந்த நோயைப் பற்றிப் பேசுகிறவள் நான். கூடப்பிறந்தவனைத் திட்டத்தான் தெரிந்திருக்கிறது. கோட்டிக்காரன் என்று சற்றுமுன் சொன்னது வாயிலேயே கசந்தது.

அவன் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான்.

“அந்த நம்பர எனக்கும் கொறச்சுத் தருவியா?”

அது பொம்மைக்கு மட்டும்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து இருக்கிறது, பழக்கிச் சரிசெய்கிற சிகிச்சையும் இருக்கிறது, டாக்டரிடம் போவோம் என்றேன். பொங்கல் லீவு முடிந்ததும் டாக்டரிடம் கிளம்பினோம். ஸ்விட்சை நினைத்து அவன் தெருமுனையில் நின்றுவிட்டான். இப்படிச் சந்தேகப்படுகிறவரோடு கூடப் போய்ப் பார்ப்பது நோயை வளர்க்கும் என்று நானே எழுதியிருக்கிறேன். அன்று அவனோடு திரும்பி நடந்தேன்.