சூடான இன்ஜினும் ஒப்படைப்புப் புத்தகமும்

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, மலேசியாவின் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தபடியே, கணேசமூர்த்தி தித்திவங்சா மலைத்தொடருக்கு மேல் ஏழாயிரம் அடி உயரத்தில் வியர்த்துக்கொண்டிருந்தார். மலையும் விமானமும் கணினித் திரையில்தான் இருந்தன. ஆனால் சட்டை நிஜமாகவே முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை 'கேம்' என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். எண்பது வருஷத்துக்கு முந்திய ஒற்றை இன்ஜின் விமானம் அது. அன்றைக்கு விமானி என்னென்ன பாடுபட்டானோ அத்தனையையும் இந்த நிரல் படுத்தி எடுக்கும். இன்ஜினுக்கு ஞாபகசக்தி வேறு. இன்று வறுத்தெடுத்தால் நாளைக்கும் வறுபட்டதாகவே இருக்கும். கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற கதையெல்லாம் நடக்காது.

பழைய விமானம் ஓட்டும் இணையக் குழு ஒன்று நடத்திய தொடர் பயணம் அது. மொத்தம் பன்னிரண்டு கட்டம், அணிக்கு இரண்டு பேர், ஒரே இன்ஜின். இன்ஜினை மாற்றினால் அணி வெளியே. பழுது விவரம் காட்டும் பக்கத்தைக் கடைசிவரை திறக்கவும் கூடாது. கணேசமூர்த்தியும், பக்கத்து லயத்தில் குடியிருக்கும் லோரி டிரைவர் ஷங்கரும் ஏழாவது அணி. கோத்தா பாருவிலிருந்து மலையைத் தாண்டி ஈப்போ போகும் பதினோராவது கட்டம் இவருடையது. நாளை ஈப்போவிலிருந்து மலாக்கா போகும் கடைசிக் கட்டம் ஷங்கருடையது. வழியில் தங்கள் தோட்டத்துக்கு மேலேயே பறந்து போகப் போவதாக அவன் லோரி ஷெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். புதுச் சட்டைகூட வாங்கிவிட்டான். சட்டை யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது என்று கேட்டால், "எனக்குத் தெரியுமுல்ல" என்றான்.

இப்போது ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது.

எதிரே மலைமுகட்டில் மேகம் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே போக வேண்டுமென்று கணேசமூர்த்தி மூக்கைத் தூக்கினார். விமானம் திணறி ஏறியது, வேகம் விழுந்தது, ஊசி சிவப்புக்குள் போனது. பதறிப்போய் இன்னும் மெதுவாக ஏற்றினார். இருபத்திரண்டு வருஷம் செம்பனைக் குலை லோரி ஓட்டிய உடம்பு அது. லோரி சூடானால் காலைத் தளர்த்து, ஊர்ந்து போ, ஓரங்கட்டு, மூடியைத் திற, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா. உடம்புக்கு அது மட்டும்தான் தெரியும். ஆனால் இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. எதிர்க்காற்று ஒன்றுதான் அதற்குக் குளிர்ச்சி. மெதுவாகப் போகப் போகக் காற்று குறைந்தது, இன்ஜின் வெந்தது.

விமலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிக் கறுத்துப் போச்சு?"

"பேசாத. மல."

மூன்று நிமிஷம் கழித்துத்தான் புத்தி வந்தது. மலையைத் தாண்டும் ஆசையை விட்டுவிட்டு வலப்பக்கம் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார். மூக்கைத் தாழ்த்தினார். ஒற்றைக் காலால் மிதிக்கட்டையை ஆள முடியாது என்பதால் சுக்கானைக் கைப்பிடியிலேயே முறுக்கும்படி அமைத்திருந்தார். இன்ஜினைச் சுற்றியிருந்த காற்று மடல்களை முழுக்கத் திறந்தார். பெட்ரோல் கலவையைக் கூட்டினார். கூடுதல் பெட்ரோல் போனால் நெருப்பு கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இதில் எரியாமல் மிஞ்சும் பெட்ரோல்தான் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். விசைப்பிடியை மட்டும் சட்டென்று இழுத்துவிடக் கூடாது. கொதிக்கிற சிலிண்டரில் திடீரென்று குளிர் பட்டால் விரிசல் விடும். மயிரிழை மயிரிழையாகக் குறைத்தார்.

ஊசி இறங்கியது. அவர் மூச்சு விட்டார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் விட்டு மறுபடியும், டக். ஏதோ ஒரு சிலிண்டர் அடிவாங்கிவிட்டது.

தாழ்வான கணவாய் ஒன்றைத் தேடிப் பிடித்து, சுற்றி வளைத்து, ஈப்போவில் இறக்கிவிட்டார். இன்ஜின் ஆறியதும் எல்லா ஊசிகளும் நல்ல பிள்ளைகளாக அதனதன் இடத்தில் நின்றன. பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நாளைக்கு முழு விசை கொடுத்து ஏறும்போதுதான் அந்தச் சிலிண்டர் கைவிரிக்கும். குழுவில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் ஷங்கர் தலையில்தான் போடுவார்கள்.

கணினிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு கிடந்தது. லோரி ஷெட்டில் வைத்திருப்பது போல ஒப்படைப்புப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம் என்றது ஷங்கர்தான். ஓட்டி முடித்தவன் வண்டி எப்படியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன கட்டத்தில் ஷங்கர் எழுதியிருந்தான்: 'எண்ணெய் கொஞ்சம் குறைவு. இடது பிரேக் இழுக்குது. பார்த்து இறக்கவும்.'

அதைப் படித்ததும் கணேசமூர்த்திக்கு வயிறு எரிந்தது. பொம்மை விமானத்துக்கு இத்தனை ஒழுங்காக எழுதத் தெரிந்தவனுக்கு, அன்றைக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை. ஷங்கர் விட்டுப்போன லோரியை இவர் எடுக்க வேண்டும். ஷெட்டுப் புத்தகத்தில் அவன் கையெழுத்தில் ஒரே சொல்: 'சரி'. ஷங்கர் எழுதினால் அப்புறம் என்ன பார்ப்பது என்று மூடியைக்கூடத் திறக்காமல் சாவியை எடுத்தார். புக்கிட் புத்துஸ் மலைப்பாதை இறக்கத்தில் இன்ஜின் இறுகி நின்றது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. லோரி மலைச்சுவரில் மோதி மடங்கியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த மெக்கானிக் புவனேஸ்வரன் காதோரமாகச் சொன்னார்: "ரேடியேட்டர் ஹோஸ் கிழிஞ்சிருக்கு மூர்த்தி. மேல சுத்துன டேப்பு புத்தம் புதுசு. முந்தின நாளே வண்டி சூடாயிருக்கு."

அந்த மாதத்தில் ஷங்கர் ஏற்கெனவே இரண்டு தடவை வண்டியைப் பழுதாக்கிப் பேச்சு வாங்கியிருந்தான். மூன்றாவது என்றால் வேலை போய்விடும். அதற்காகத்தான் 'சரி'.

கணேசமூர்த்தி அதை விமலாவிடம்கூடச் சொல்லவில்லை. ஷங்கரோ ஒருநாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தான். தூக்கி உட்கார வைத்தான், குளிப்பாட்டினான். பிறகு மில்லில் எடைமேடைக் கணக்கெழுதும் கிராணி வேலையை ஆள் பிடித்து வாங்கிக் கொடுத்தான். வேலை முடிந்தால் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவருக்கு இந்தக் கணினியையும் சுமந்து வந்து வைத்தான். பாசமா, குற்ற உணர்ச்சியா என்று கணேசமூர்த்தி ஒன்பது வருஷமாகக் கணக்குப் போட்டும் விடை வரவில்லை. வெட்டிய காலை ஷங்கர் ஒருதரம்கூட நேராகப் பார்த்ததில்லை என்பது மட்டும் தெரியும்.

பேனாவை எடுத்தார். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நிமிஷம் அவருக்கு இனித்தது. மறைப்பானேன்.

ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் இட்லியும் இறங்கவில்லை.

நான்கு மணிக்கு ஷங்கர் வந்தான். நீலக் கட்டம் போட்ட புதுச் சட்டை. கையில் எண்ணெய் ஊறிய பொட்டலத்தில் பீசாங் கோரேங், சுடச்சுட வாழைப்பழ பஜ்ஜி. நோட்டைப் புரட்டி 'சரி'யைப் படித்தான், மூடினான்.

"ஒருதரம் இன்ஜின ஓட்டிச் சத்தம் கேட்டுப் பாரேன்டா" என்றார் கணேசமூர்த்தி.

"நீங்க எழுதிட்டீங்க. அப்புறம் நான் என்னத்தண்ணே பாக்குறது?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஷங்கர் நாற்காலியில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினான். மெதுவாக ஓடும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அம்பாங்கானில் பல் டாக்டராக இருந்துகொண்டே குழுவுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரமாகவும் இருந்த தர்ஷிகா ஒலிபெருக்கியில் வந்தாள்: "ஏழாவது டீம், ரன்வே கிளியர். நாற்பத்து மூணு பேர் பாக்குறாங்க. போகலாம் லா."

ஷங்கர் சிரித்தான். ஓடுபாதையில் விமானம் நேராக நின்றது. அவன் கை விசைப்பிடியின் மேல் போயிற்று. பின்னால் நின்ற கணேசமூர்த்திக்கு அந்தக் கைதான் தெரிந்தது. அன்று காலை சாவியை எடுத்த தன் கையும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒன்றும் தெரியாமல், நம்பி.

விசைப்பிடி பாதி தூரம் போனது. டக்.

"நிறுத்துடா!"

"என்னண்ணே?"

"நிறுத்து. அணைச்சிரு. நேத்து மலையில இன்ஜின் வெந்து போச்சு. மூணு நிமிஷம் செவப்புல இருந்துச்சு. ஒரு சிலிண்டர் போச்சு. நீ மேல ஏறுனா நின்னுரும்."

ஷங்கர் அணைத்தான். "ஆனா நீங்க..." என்று ஆரம்பித்தவன், நோட்டைத் திறந்தான். 'சரி' என்ற சொல்லையே பார்த்தான். அவன் முகம் மெல்ல வெளுத்தது.

பிறகு தலையைத் திருப்பி, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவருடைய காலைப் பார்த்தான்.

"ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஆஸ்பத்திரியிலேருந்து."

ஷங்கரின் உதடு கோணியது. ஒலிபெருக்கியில் தர்ஷிகா மறுபடியும் கூப்பிட்டாள். கணேசமூர்த்தி குனிந்து பேசும் பொத்தானை அழுத்தினார்.

"ஏழாவது டீம் பறக்கலம்மா. இன்ஜின் கெட்டுப்போச்சு. கெடுத்தது நான். ஷங்கர் இல்ல."

ஷங்கர் பேனாவை எடுத்து 'சரி'யை அடித்தான். பக்கத்தில் எழுதினான்: 'இன்ஜின் மூணு நிமிஷம் சிவப்பில். ஓட்டக்கூடாது.' நோட்டைத் தள்ளினான். கணேசமூர்த்தி கையெழுத்துப் போட்டார்.

அவன் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஒரு வரி விட்டு, அந்த லோரியின் எண்ணை எழுதினான். ஒன்பது வருஷத்துக்கு முந்திய தேதியை எழுதினான். யோசிக்கவே இல்லை. 'ரேடியேட்டர் ஹோஸ் கிழிஞ்சிருக்கு. இன்ஜின் சூடாவுது. வெளியே எடுக்கக்கூடாது.' கண்ணீர் சொட்டி 'ஹோஸ்' கலங்கியது. புதுச் சட்டைக் கையால் ஒற்றிவிட்டு, கீழே தன் முழுப் பெயரை எழுத்து எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டான்.