மஞ்சள் தண்ணீரும் புது கேபினெட்டும்

நாராயணவனத்தில் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கிறேன். ரெடிமேடாக வாங்கிய கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்ததால், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் என் கணவர் புது மதர்போர்டும் ராமும் வாங்கி, புது கேபினெட்டில் தானே மாட்டினார். ஹார்ட் டிஸ்க் மட்டும் பழையது. என் வேலை முழுவதும் அதில்தான் இருந்தது.

ஸ்விட்ச் போடப் போனவரை மாமியார் நிறுத்தினார். “ராகு காலம் நடந்துக்கினு இருக்குது. அது போனதும் மஞ்சத் தண்ணி தெளிச்சிட்டு ஆன் பண்ணுடா.”

ராகு காலம் கழிந்ததும், ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல வெற்றிலையால் தெளித்தேன். உள்ளே சொட்டும் சத்தம் கேட்டது. பழைய பெட்டியின் மேல்பக்கம் மூடிய தகடு. புதியதில் காற்று போக வலை. எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

கணவர் திறந்து பார்த்தார். மதர்போர்டெல்லாம் மஞ்சள் துளிகள். “கரண்ட் ஓடிக்கினு இருந்திருந்தா எல்லாம் போயிருக்கும்” என்றார். துடைத்து, நன்றாகக் காயவைத்து ஆன் செய்தோம். என் பத்திரிகைகள் அப்படியே இருந்தன.

“நான் நிறுத்தலன்னா இன்னா ஆயிருக்கும்?” என்றார் மாமியார். தெளிக்கச் சொன்னதும் அவர்தான்.

இப்போது பூஜைக்குப் பழைய காலி கேபினெட்டைத்தான் வைக்கிறோம். மாமியார் அதற்குப் பொட்டு வைத்துப் பூவும் போடுகிறார். உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.