கூடையில் விழும் சாவிகள்

பழவேற்காடு ஏரியோரம், தோணிரேவில் கோயில் திருவிழா. சாயங்கால வெயிலில் கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. தூரத்துப் படகுகள் ஆகாயத்தில் மிதப்பதுபோல் நிற்கின்றன. நண்பன் வீட்டு விருந்தில் ஒரு பீர் குடித்துவிட்டு, அந்தக் கிறக்கத்தோடு என் பைக்கை எடுக்க வருகிறேன்.

வழியில் ஒரு பெண் மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். கூடையில் மீன் இல்லை. பைக் சாவிகள் மின்னுகின்றன.

"குடிச்சிருந்தா சாவிய இதுல போட்டுட்டு வேன்ல ஏறுண்ணா. பொன்னேரி வரைக்கும் வுட்டுடுவாங்க. வண்டிய நாளிக்கு வந்து எடுத்துக்கோ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "ஒரே ஒரு பீர்தாம்மா. அதுக்கு வேன் வாடகை வேற குடுக்கணுமா?"

"நீ இன்னாத்துக்குக் குடுக்கணும்? திருவிழாவுக்கு மொத நாளு வலையில வுழற எறாலு அத்தினியும் இந்த வேனுக்குத்தான். ஊர்ல எல்லாப் படகுக்காரங்களும் குடுத்துடுவாங்க."

"குடிக்காதவங்களுமா?"

அவள் ஏரியைப் பார்க்கிறாள். "எங்க வூட்டுக்காரரு குடிக்கவே மாட்டாருண்ணா. எதுக்க வந்தவன்தான் குடிச்சிருந்தான்."

சாவியைக் கூடையில் போடுகிறேன்.

வேன் கிளம்புகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், செக்கச்செவேலென்று. பின்சீட்டில் யாரோ தூக்கத்தில் சிரிக்கிறார். எதிரே ஒருவர் சைக்கிளில் வருகிறார். எங்களைத் தாண்டி, நிதானமாக மிதித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிறார்.